தங்கவயலில் எழுத வருவோருக்கு

தங்கவயலைச் சேர்ந்த ராபர்ட்சன்பேட்டையிலும் அதைச் சூழ்ந்த ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம், உரிகம் முதலிய இடங்களிலும் தமிழில் எழுதும் ஆவல் கொண்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிற் சிலர், ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு அமராமல், தாமே விஷயத்தைத் தேர்ந்து எழுதி, எழுதியதற்கு உரிய சன்மானம் பெற்று, அதைத் தம் ஜீவனத்தின் ஒரு பகுதியாகவேனும் ஆக்கிக்கொள்ள விரும்புகிறார்கள். இவ்விதம் சுயேச்சையாக எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கணினி வாங்கலாம், எந்தச் செயலி நல்லது, எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம் என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆயினும், இக்காலத்தில் எழுத்துக்கு வேண்டிய சாதனங்களுள் பெரும்பாலானவை காசில்லாமலே கிடைக்கின்றன என்றும், நம் ஊர் இளைஞருக்குக் கிடைக்காமல் இருப்பவை, தம் ஊரைப் பற்றிய ஆவணமும் தம் எழுத்தின்மேல் தமக்குள்ள உரிமையைப் பற்றிய அறிவுமே என்றும் நான் உறுதியாக எண்ணுகிறேன்.

சாதனங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கையிலிருக்கும் திறன்பேசி ஒன்றே தட்டச்சுப் பொறியாகவும் ஒலிப்பதிவுக் கருவியாகவும் நூல்நிலையமாகவும் பயன்படக்கூடியது. விடியலில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறி இரவில் வீடு திரும்பும் நம் பிள்ளைகளுக்கு, எழுதவும் படிக்கவும் தனியே வாய்க்கும் அவகாசமே அந்தப் பிரயாணந்தான். முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் திறன்பேசியிலும், தன்னார்வலர் ஆக்கியளித்த இ-கலப்பை கணினியிலும் தமிழ் எழுத உதவுகின்றன. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையைச் சிரத்தையோடு பழகிக்கொள்வது, நெடுங்காலம் எழுத எண்ணுவோருக்கு நல்ல முதலீடு. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருக்கின்றன. மகர விசையை இருமுறை அழுத்தினால் முதல் மகரம் தானாகவே புள்ளி பெறும். ஆகவே 'அம்மா' என்று எழுத நான்கு அழுத்தங்கள் போதும். அதைவிட முக்கியமாக, மனம் அந்நிய எழுத்தின் வழியே சுற்றி வராமல் தமிழிலேயே நடைபோடும்.

அகராதிகளுள் இரண்டை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். 1992-ல் முதலில் வந்து, 2008-லும் 2020-லும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியோ, ஒரு சொல் இன்று எவ்வாறு வழங்குகிறது என்பதை உதாரண வாக்கியங்களோடு காட்டுவது. முதல் சன்மானம் கைக்கு வந்ததும் வாங்கவேண்டிய புத்தகம் அதுவே. பழைய இலக்கியங்களுக்கு, சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கல்யாணசுந்தரம் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும், பழைய இதழ்களுக்கும் அரிய அச்சு நூல்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. இவ்வளவு செல்வம் நமக்கு முன்னிருந்த எந்தத் தலைமுறை எழுத்தாளர் கையிலும் இருந்ததில்லை.

அத்தலைமுறைகளுள் ஒன்று நம் மண்ணிலேயே செய்து காட்டியதை நினைக்குந்தோறும் என் உள்ளம் பூரிக்கிறது. அயோத்திதாச பண்டிதர் 1907-ல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, மறு ஆண்டு முதல் அதைத் 'தமிழன்' என்னும் பெயரில் நடத்தி வந்தபோது, வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கே பூமிக்கடியில் உழைத்தவர்களுள், பௌத்தம் தழுவியோர் அப்பத்திரிகைக்கு வாசகராகவும் ஆதரவாளராகவும் துணைநின்றனர். 1914-ல் பண்டிதர் மறைந்தார்; 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அதே 'தமிழன்' தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பிய சித்தார்த்த புத்தகசாலையும் இவ்வூரினதே. பள்ளிக்கூட வாசலையே பலருக்கு அடைத்து வைத்திருந்த ஒரு சமுதாய அமைப்பில், சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஒரூரில், பத்திரிகையும் பிரசுரமும் நடத்தக்கூடிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? சபைகூடிப் பேசும் வழக்கமும், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் திருத்தும் தோழமையும், சந்தா கட்டிப் படிக்கும் வாசகரும் இருந்தமையால் வந்தது. அன்றைய இதழ்களைச் சிலர் பத்திரமாகக் காத்து வைத்திருந்தமையாலேயே, 1999-ல் ஞான அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்ற தொகுப்பைக் கொண்டுவர முடிந்தது. பண்டிதரின் எழுத்தைத் தமிழுலகம் மீண்டும் கண்டடைந்ததும் அதன் பிறகே.

ஊரின் வாழ்வை எழுத்திற் பதித்துக் காக்கும் அதே காரியத்தைத் தம் காலத்துக்கு ஏற்பச் செய்யும் வாய்ப்பு இன்றைய இளைஞர் வாசலில் காத்திருக்கிறது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கப் பணியை மேற்கொண்டது முதல், 1902-ல் சிவசமுத்திரத்தின் நீர்வீழ்ச்சி மின்சாரம் இங்கு வந்தது, சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது, 1965-ல் அப்பெருஞ்சுரங்கத்தின் ஆழத்திலே விஞ்ஞானிகள் வளிமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் அடையாளத்தைக் கண்டது, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ம் தேதி தொழிலை நிறுத்தியது ஆகிய யாவும் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் கூண்டில் நின்று அந்த ஆழத்துக்கு இறங்கியவர் என்ன நினைத்தார், பாறை வெடித்த செய்தி தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளை எட்டிய இரவில் பெண்கள் எங்கே கூடி நின்றார்கள், தூசி படிந்த நுரையீரலோடு வீடு திரும்பியவரை எவர் பேணினார், சுரங்கம் நின்ற மறுநாள் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பவற்றை அவ்வாழ்க்கையை வாழ்ந்தவர் சொன்னாலன்றி அறிய வழியில்லை. அன்று 30 வயதினராக இருந்தவர் இன்று 50-ஐத் தாண்டிவிட்டார். அவருக்கு மூத்தவர்களோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

2018-ல் வெளிவந்த கே.ஜி.எஃப். என்ற கன்னடத் திரைப்படமும் 2024-ல் வந்த தங்கலானும் இவ்வூரின் பெயரைத் தேசமெங்கும் கொண்டு சென்றன. கற்பனைக்குரிய இடத்தைக் கலைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது அவர்கள் உரிமை. உண்மைக்குரிய இடமோ இன்னும் காலியாகவே கிடக்கிறது. ஆரோக்கியக் குறிப்புகளையும் சுற்றுலாத் தலங்களையும் பற்றி எங்கிருந்தும் எவரும் எழுதலாம். இப்பொழுது அவற்றை இயந்திரமே எழுதித் தந்துவிடுகிறது. மாரிகுப்பத்து முதியவரின் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்கக்கூடியவர் நம் ஊர்ப் பிள்ளையே. அப்படிக் கேட்கப் போகிறவர், ஒலிப்பதிவு செய்வதற்கு முதலில் சம்மதம் பெறவேண்டும். தேதியையும் இடத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே தம் குரலில் சொல்லிவிடவேண்டும். பெயர்களையும் சுரங்க எண்களையும் சொன்னவரிடமே மீண்டும் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். பதிவின் பிரதிகளை இரண்டு இடங்களிலாவது வைக்கவேண்டும். ஒரு முதியவரிடம் பெற்ற மூன்று மணி நேரப் பேச்சிலிருந்து, ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரையும், ஒரு மாத இதழுக்கு நீண்ட நேர்காணலும், பின்னொரு நாள் புத்தகத்தின் ஓர் அத்தியாயமும் பிறக்கக்கூடும். எழுத்தையே நம்பி வாழ எண்ணுவோர் அறியவேண்டிய சிக்கனமும் இதில் அடங்கியிருக்கிறது.

இனி, உரிமை. இதைப் பற்றி நம் மொழியில் எழுதுவோர் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்து வந்தமையால் விளைந்த நஷ்டம் கொஞ்சமன்று. பாரதியார் 1921-ல் மறைந்த பின், அவர் பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை ஒரு வணிகரிடம் போய், பிறகு திரைப்பட அதிபர் ஏவி. மெய்யப்பச் செட்டியார் வசமாகி, பெருங்கிளர்ச்சிக்குப் பின் 1949-ல் சென்னை அரசாங்கம் அவர் எழுத்துகளைப் நாட்டுடைமையாக்க வேண்டியதாயிற்று. மகாகவிக்கே அவ்வாறெனில், முதற்கட்டுரை எழுதுகிறவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கவேண்டும்! 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளனுக்குப் பெருந்துணையாக நிற்கிறது. சம்பள ஊழியராக இல்லாத ஒருவர் எழுதிய கட்டுரையின் உரிமை, எழுதிய கணத்திலேயே அவரைச் சேர்கிறது. அதற்காக எந்த அலுவலகத்திலும் பதிவு செய்துகொள்ளவேண்டிய அவசியமில்லை. அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தாலன்றி அவ்வுரிமை பிறருக்குப் போய்ச் சேராது. எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஆசிரியர் காலமான பிறகும் அறுபது ஆண்டுகள் உரிமை அவர் வாரிசுகளுக்கு நிலைக்கிறது. ஆதலால் 'சகல உரிமைகளும் எங்களுக்கே' என்னும் வாசகம் உள்ள தாளில் கையொப்பமிடுமுன், ஒருமுறை மட்டும் அச்சிடும் உரிமையைத் தருகிறேன் என்று மரியாதையோடு எழுதிக் கேட்பதில் எவ்விதத் தவறுமில்லை.

இவ்விடத்தில் பத்திராதிபர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. புதிய எழுத்தாளர்கள் கேட்கத் தயங்குவது இயல்பு; கேட்டால் அடுத்த கட்டுரைக்கு இடம் கிடையாதோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. ஆகவே பேச்சைத் தொடங்கும் கடமை பத்திரிகையைச் சேர்ந்தது. கட்டுரையை ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதும் அதே கடிதத்தில், சன்மானம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வங்கிக் கணக்கில் சேரும், எந்த உரிமையை எத்தனை காலத்துக்குக் கேட்கிறோம் என்ற மூன்று விஷயங்களையும் சேர்த்து எழுதிவிட்டால், எழுதுகிறவர் வீட்டுச் செலவைத் திட்டமிடலாம். பத்திரிகைக்கும் பின்னால் வழக்கு வம்பு வராது. சன்மானம் தர இயலாத சிற்றிதழ்கள் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், அங்கே எழுத விரும்புவோர் மனமுவந்து எழுதுவார்கள்.

ராபர்ட்சன்பேட்டை நகரசபையும், ஊரிலுள்ள தமிழ் அமைப்புகளும் செய்யவேண்டியது அதிகச் செலவு பிடிப்பதன்று. பொது நூலகத்தில் ஒரு மேஜை, இணைய இணைப்புள்ள ஒரு கணினி, மேற்சொன்ன இரு அகராதிகள், பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரதி, தங்கவயலில் அச்சான பழைய இதழ்களின் நகல்களைச் சேர்த்து வைக்கும் ஓர் அலமாரி, வீடுகளில் கிடக்கும் நோட்டீசுகளையும் சங்க அறிக்கைகளையும் புகைப்படங்களையும் வாங்கி ரசீது கொடுக்கும் ஒருவர்: இவ்வளவே. வாரத்தில் ஒருநாள் மாலை, பெங்களூர் ரயில் வந்து சேர்ந்த பிறகும் அந்த அறை திறந்திருக்கவேண்டும். ஏனெனில் எழுத விரும்புவோரிற் பெரும்பாலோர் அந்த ரயிலில்தான் வருகிறார்கள்.