எங்களுக்குப் பாட்டுப் பெட்டி வேண்டாம்

"மலையகத்துக்கு ஒரு தனி சேனல் குடுத்தாப் போச்சு. இருபத்துநாலு மணி நேரமும் பாட்டுப் போடலாம். கேட்டுக்கிட்டே சந்தோசமா கொழுந்து எடுப்பாங்க." கொழும்பில் டிஜிட்டல் வானொலி பற்றிய ஒரு கலந்துரையாடலுக்கு நமது சங்கத்திலிருந்து மூன்று பேர் போயிருந்தோம். அங்கே ஒரு பெரியவர் இப்படிச் சொன்னார். நமக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். சபையிலும் பலர் தலையாட்டினார்கள். திரும்பி வரும் வழியில், ஹட்டன் பஸ்ஸில், எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. அந்த வாக்குவாதத்தின் முடிவைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விசயம் இதுதான். இன்றைய எப்.எம். வானொலியில் ஒரு அலைவரிசையில் ஒரு நிகழ்ச்சிதான் போகும். டிஜிட்டல் முறையில் அதே இடத்துக்குள் பிரதான சேவையோடு இரண்டு மூன்று கிளைச் சேவைகளையும் அனுப்பலாம். இப்போது மலையகத்துக்கு நேரம் கேட்டால் "அலைவரிசை இல்லை" என்பார்கள். டிஜிட்டல் வந்துவிட்டால் அந்தச் சாட்டு செல்லாது. ஆகவே கிளைச் சேவையை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் என்ன போகும், யார் பேசுவார்கள் என்பதுதான் நமது கேள்வி.

முதலில் பாட்டு. எந்தப் பாட்டு? சினிமாப் பாட்டு இன்று எல்லாத் தமிழ் வானொலியிலும் பொழுது விடிந்து பொழுது போகும்வரை ஓடுகிறது. அதற்கு இன்னொரு சேவை எதற்கு? நமது மாசி மாதக் காமன் கூத்து, பொன்னர் சங்கர், தப்பு அடிக்கும் வகைகள், தெம்மாங்கு, கும்மி, நமது கிழவிகள் பாடும் ஒப்பாரி எல்லாம் எந்த வானொலியில் வாரம் ஒரு மணி நேரம் கேட்கிறது? சி.வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகப் போய் நம் மக்களின் பாடல்களைத் திரட்டிப் புத்தகமாகத் தந்தார். மெட்டைப் புத்தகம் தராது. அந்த மெட்டுத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "உங்க பாட்டி பாடுற தாலாட்டை யாராவது பாடுங்க" என்றோம். முப்பது பேரில் இரண்டு பேர்தான் கையைத் தூக்கினார்கள். தினமும் பத்து மணி நேரம் சினிமாப் பாட்டை ஓடவிட்டு "மலையக சேவை" என்று பெயர் வைத்தால், அந்த இரண்டு கைகளும் இறங்கிவிடும்.

அடுத்தது பேச்சு. இதைச் சொன்னால்தான் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தொழிலாளிக்கு ஆறுதலுக்குப் பாட்டுப் போதுமாம், பேச்சு "கனதியான" விசயமாம். தோழர்களே, நமது தொழிற்சங்கமே பாட்டும் பேச்சும் சேர்ந்து பிறந்ததுதான். 1930களில் தோட்டங்களுக்குள் கூட்டம் போட விடாத காலத்தில், மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டத்தைச் சேர்ப்பார், பிறகு கோ. நடேசய்யர் பேசுவார். துரைமார் பாட்டுக்குப் பயப்படவில்லை, பாட்டுக்குப் பின்னால் வந்த பேச்சுக்குத்தான் பயந்தார்கள். இன்று பாட்டை மட்டும் தருகிறோம் என்பவர்களும் அதே கணக்கைத்தான் போடுகிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ.

எது பேச்சு என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வர்த்தமானி வந்ததும் எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், எத்தனைக்கு அரைப் பேர் என்று தோட்டத்துக்குத் தோட்டம் குழப்பம். பெரட்டுக் களத்தில் கேட்டால் ஒரு பதில், ஒப்பீசில் கேட்டால் வேறு பதில். அந்த நேரத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் மாலை ஆறரை மணிக்கு வானொலியில் உட்கார்ந்து தொழிலாளரின் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் எத்தனை பேரின் சம்பளம் வெட்டுப்படாமல் தப்பியிருக்கும்? அந்த வாரங்களில் ஒரு வானொலி நிலையத்துக்கு நாங்கள் நான்கு பெண்களைக் கூட்டிப் போனோம். ஒரு நாள் பேர் போனது, பஸ் காசும் போனது. இரண்டு பாட்டுக்கு நடுவே ஒன்றரை நிமிடம் கொடுத்தார்கள். அதிலும் "உங்களுக்குப் பிடித்த நடிகர் யார்" என்று ஒரு கேள்வி.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. நுவரெலியா மாவட்டத்திலேயே, கொத்மலையில், 1989 முதல் சமூக வானொலி நடந்திருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ உதவியோடு அங்கே ஒரு முறை வந்தது: கேட்பவர் கேள்வியை அனுப்புவார், அறிவிப்பாளர் இணையத்தில் தேடிப் படித்து வானொலியில் விளக்குவார். அருமையான முறை. ஆனால் சுற்றிலும் இத்தனை தோட்டங்கள் இருந்தும் அந்த வானொலியின் நேரத்தில் மிகப் பெரும் பங்கு சிங்களத்துக்கே போனது. அது சிங்கள விவசாயிகளின் குற்றமல்ல, நாம் கேட்காமல் விட்ட குற்றம்.

கிளைச் சேவை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரின் ஒரு பல்கலைக்கழக வானொலி 1967 முதல் புளூகிராஸ் என்ற இசையை ஒலிபரப்பியது. அப்பலாச்சியன் மலைநாட்டிலிருந்து வேலை தேடி வந்த மக்கள் பொத்திப் பாதுகாத்த இசை அது. பிறகு பிரதான சேவை செய்திக்கும் உரையாடலுக்கும் என்றானது, மலைநாட்டு இசை டிஜிட்டல் கிளைச் சேவைக்குத் தள்ளப்பட்டது. 2016இல் அந்தக் கிளையையும் நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். கேட்டு வந்தவர்கள் ஒன்றுசேர்ந்து, பணம் திரட்டி, 2017இல் அதைத் தாங்களே பொறுப்பேற்று நடத்தினார்கள். காசைக் கணக்குப் பார்க்கும்போது முதலில் வெட்டுவது ஓரத்தில் இருப்பதைத்தான். ஆகவே கிளைச் சேவையைக் காட்டி, பிரதான தமிழ்ச் சேவையில் மலையகத்துக்கு இருக்கும் கொஞ்ச நேரத்தையும் பிடுங்க விடக்கூடாது.

இன்னொன்று. டிஜிட்டல் கேட்கப் புதிய பெட்டி வேண்டும். நோர்வே 2017இல் தேசிய வானொலிகளின் எப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது. அங்கே அவர்கள் புதுப் பெட்டி வாங்குவார்கள். நமது லயத்துக் காம்பராவில்? அதோடு மலைச்சரிவுக்குள் எப்.எம். இரைந்து இரைந்தாவது கேட்கும், டிஜிட்டல் சமிக்ஞை குறைந்தால் சட்டென்று நின்றே போகும். மலையிலேயே நின்று பரீட்சித்துப் பார்க்காமல் எப்.எம்.மில் கை வைக்கக் கூடாது.

பெட்டி இலவசமாக வர வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதைந்தன. அன்று பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள், வீட்டிலிருந்த பெற்றோர் பலர் பிழைக்கவில்லை. ஆசிரியராக இருப்பவர்களுக்கு அந்த நாளை மறக்க முடியாது. 2005இலும் 2011இலும் எச்சரித்தோம் என்று பிறகு அதிகாரிகள் சொன்னார்கள். (மாற்றுக் காணி தராமல் எச்சரித்து என்ன பயன் என்பது வேறு சண்டை, அதையும் விடமாட்டோம்.) டிஜிட்டல் வானொலியில் அவசர எச்சரிக்கை வசதி உண்டு. அதற்கேற்ற பெட்டியாக இருந்தால், அணைத்து வைத்திருந்தாலும் தானே விழித்து எச்சரிக்கையைச் சொல்லும். நடுச்சாமத்தில் மழை கொட்டும்போது, மின்சாரமும் போன் சிக்னலும் போன பிறகு, பற்றரியில் ஓடும் அந்தப் பெட்டி தமிழில் "வெளியேறுங்கள்" என்று சொல்ல வேண்டும். பாட்டு மட்டுமே சுழலும் சேவையில் அந்த நேரம் யார் இருப்பார்கள்? ஒலிவாங்கிக்கு முன்னால் மலையகம் தெரிந்த ஒரு மனிதர் இரவும் பகலும் இருந்தாக வேண்டும்.

"பேச்சு நிகழ்ச்சிக்குச் செலவு கூடும்" என்பார்கள். கடத்தும் இடத்தைப் பார்த்தால் நேர்மாறு: பேச்சுக்குக் கொஞ்ச இடம் போதும், இசைக்குத்தான் கூடுதலாக வேண்டும். செலவு கூடுவது ஆட்களின் சம்பளத்தில்தான். தோட்டத்தில் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளில் நிற்கும் நமது பிள்ளைகளுக்கு அந்தச் சம்பளம் போகட்டும்.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேவை கிடைத்தால் அது சங்கத் தலைவர்களின் மேடைப் பேச்சுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்குமான இடமல்ல, நமது சங்கத் தலைவர்கள் உட்பட. நேரம் தொழிலாளியின் நேரமாக இருக்க வேண்டும்: ரொட்டி சுடும் விடியற்காலை ஐந்து மணி, மலையிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்த பின் ஆறு முதல் எட்டு. காலை பத்து மணிக்கு "பெண்கள் நேரம்" வைத்தால் கேட்பதற்கு லயத்தில் ஒரு பெண்ணும் இருக்கமாட்டாள்.

இந்தக் கோரிக்கைகளை ஊடக அமைச்சுக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் கொடுக்கப் போகிறோம். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது இரண்டு விபரம் கொண்டு வாருங்கள். உங்கள் மலைப் பகுதியில் எந்தெந்த லயத்தில் வானொலி எடுபடவில்லை என்பது ஒன்று. பழைய பாட்டு, கூத்து தெரிந்த பெரியவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்பது மற்றது. பதிவு செய்ய எங்கள் கையில் இருக்கும் போனே போதும், அதை இந்த மாதமே தொடங்குகிறோம்.