மணல் இருந்தால் காந்தம் வந்துவிடாது

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை அள்ளினால் போதும், காந்தத்துக்காகச் சீனாவிடம் கையேந்த வேண்டியதில்லை என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். 2025 ஏப்ரலில் டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமக் கட்டுப்பாடு போட்டதிலிருந்து இந்தப் பேச்சு வலுத்திருக்கிறது. அடிப்படையே தப்பான பேச்சு இது.

சீனா எதற்குப் பூட்டுப் போட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டாரில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். வெப்பம் 150 டிகிரியை நெருங்கும்போது அதன் காந்தத்தன்மை ஆட்டம் காணும். சூட்டைத் தாங்கவைப்பது அதில் கொஞ்சமாகச் சேர்க்கும் டிஸ்புரோசியம். ஏப்ரல் பட்டியலில் அதுதான் இருந்தது, நியோடிமியம் இல்லை. நம் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் தாதுவில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் தாராளம், டிஸ்புரோசியம் பெயருக்குத்தான். அது பெரும்பாலும் வருவது தென்சீனக் களிமண்ணிலிருந்தும் மியான்மரின் கச்சின் மலைகளிலிருந்தும்.

நியோடிமியமாவது கிடைக்குமே என்பார்கள். மணலிலிருந்து அதை எடுப்பது லேசான வேலையா? நியோடிமியமும் பிரசியோடிமியமும் வேதிக் குணத்தில் இரட்டைப் பிள்ளைகள். அமிலத்தையும் கரைப்பானையும் கலக்கி, தெளியவிட்டு, தொட்டி தொட்டியாக நூற்றுக்கணக்கான படிகளில் பிரிக்க வேண்டும். பிறகு உருகிய உப்பில் மின்சாரம் பாய்ச்சி உலோகமாக்க வேண்டும். காந்தப்பொடி காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். நைட்ரஜனுக்குள் அரைத்து, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டெடுக்க வேண்டும். கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் பல ஆண்டுகள் தன் தாதுவைப் பிரிப்பதற்குச் சீனாவுக்கே கப்பலேற்றியது. தாது இருந்தது, இந்தத் தொழில் இல்லை.

அருமண் இருப்பில் இந்தியா உலகில் மூன்றாமிடம் என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை, 69 லட்சம் டன். ஆலுவாவில் அருமண் ஆலை ஓடத் தொடங்கியது 1952-இல். எழுபது ஆண்டுக்கு மேல் மணலைச் சலித்தும் நம் மோட்டார் கம்பெனிகள் காந்தத்துக்குச் சீனாவைத்தான் பார்த்து நிற்கின்றன.

இதையெல்லாம் மறைத்துவிட்டு, அதே கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் தோண்டலாம் என்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிர்வீச்சுள்ளது. தன் வீட்டு வாசலைத் தோண்டாதே என்று கேட்கும் மீனவரை வளர்ச்சிக்கு எதிரி என்று ஏசுவது அநியாயம். பிரிப்பு ஆலையும் காந்த ஆலையும் கட்டாமல் விட்டவர்கள் அவர்களா?

2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை காந்த உற்பத்திக்கு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணம் போக வேண்டிய இடம் அதுதான். மணல் இல்லாமலும் சமாளிக்கலாம் என்பதற்கு ஜப்பான் சான்று. 2010-இல் சீனா ஜப்பானுக்கு அருமண் அனுப்புவதை நிறுத்தியபோது ஜப்பானிடம் அள்ளுவதற்கு மணல் இல்லை. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துச் சரக்கை உறுதிசெய்துகொண்டது. ஆய்வுக்கூடங்களில் டிஸ்புரோசியத்தைக் குறைக்க வழி தேடியது. 2016-இல் ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் டிஸ்புரோசியமே சேர்க்காத காந்தத்தை ஹைபிரிட் கார் மோட்டாரில் பொருத்திவிட்டன.