முகத்துக்குத் தக்க வெளிச்சம்

‘போட்டோ எடுக்கக் கத்துக்கணும் தோழர், எந்தக் கேமரா வாங்கலாம்?’ வாசகர் கூட்டங்களில் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கையில் இருப்பதே போதும். செல்போன் இருந்தால் செல்போன்; பழைய கேமரா இரவலாகக் கிடைத்தால் அது. கடன் மட்டும் வாங்காதீர்கள், வங்கியில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். கேமரா வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: எந்தக் கேமராவும் நடுநிலையானதல்ல.

கணக்குத் தொடங்கும் படிவங்களில் ஒட்டிய பாஸ்போர்ட் சைஸ் படங்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற அக்காமார்களின் படங்கள். வெயிலில் உழைத்த நிறம் படத்தில் இருக்காது. ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் போட்டு வெளுத்திருப்பார்கள். படத்தையும் எதிரே நிற்கிற ஆளையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒப்பிட்டால் இரண்டு பேர் தெரிகிறார்கள். ‘நல்லா ப்ரைட்டா போட்டுக் குடுத்தாருப்பா’ என்று அந்த அக்காவே சந்தோஷமாகச் சொல்கிறார். எனக்குத்தான் பேச்சு வருவதில்லை.

ஸ்டுடியோக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து வண்ணப்படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. ‘ஷெர்லி அட்டை’ என்று பேர். அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். கறுத்த முகங்களில் கண்ணும் பல்லும்தான் மிஞ்சின. பின்னால் பிலிமைத் திருத்தினார்கள். சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு சரியாக விழவில்லை என்று புகார் செய்தது அதற்கொரு காரணம் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மேசைக்குக் கிடைத்த நியாயம்!

டிஜிட்டல் வந்த பிறகும் கதை முடியவில்லை. கேமராவின் லைட் மீட்டர், எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த முகத்தை நிறுத்தினால் சுவரைச் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் கரியாகும். அதே முகம் படம் முழுக்க நிறைந்தால் முகத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளுத்துப் போகும். இரண்டும் பொய். இன்றைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துத் தாமாகத் திருத்துகின்றன. எது திருத்தம் என்று முடிவு செய்தவர் வேறு யாரோ.

ஆகவே முதல் பாடம், மீட்டரை மீறுவது. போனில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி, எதிரே இருக்கிற நிறம் வரும்வரை பாருங்கள். கேமராவில் இதற்கென்று கூட்டல் கழித்தல் போட்ட பொத்தான் உண்டு. பியூட்டி மோடை அணையுங்கள். உச்சி வெயில் கண்ணைக் குழியாக்கும். காலை, மாலை வெயிலில் எடுங்கள், இல்லாவிட்டால் வேப்பமர நிழலில். வீட்டுக்குள் என்றால் வாசலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கறுத்த தோலில் அது நெற்றியிலும் கன்னத்திலும் மினுங்கும். அந்த மினுக்கத்தைப் பார்க்கப் பழகுங்கள். உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு எடுக்காதீர்கள், நீங்களும் குந்துங்கள். மேலிருந்து பார்ப்பது தாசில்தார் பார்வை.

இரண்டாம் பாடம், பெயர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மக்களின் மூக்கை அளந்தவர் அவர். அந்தத் தொகுதிகளில் பல படங்களின் கீழே சாதிப்பெயர் இருக்கும். நின்ற மனிதரின் பெயர் இருக்காது. நாமும் ‘துப்புரவுத் தொழிலாளி’ என்று மட்டும் அச்சிட்டால் தர்ஸ்டனின் வேலையைத்தான் தொடர்கிறோம். பெயர், ஊர், தேதியை நோட்டில் எழுதுங்கள். அச்சில் பெயர் வரலாமா என்பதை அவர்களே சொல்லட்டும். வன்கொடுமை நடந்த ஊருக்குப் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின், குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது. படத்தின் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். வாட்ஸப்பில் சுற்றிவரும் பிரதியில் எடுத்த நேரம் முதலான விவரங்கள் உதிர்ந்துவிடும், சாட்சியம் பலவீனப்படும்.

மூன்றாம் பாடம், திரும்பப் போவது. அமெரிக்கக் கறுப்பரான கோர்டன் பார்க்ஸ் அடகுக்கடையில் பழைய கேமரா வாங்கித் தானாகவே கற்றவர். 1942இல் வாஷிங்டனில் அரசு அலுவலகம் ஒன்றைத் துப்புரவு செய்துவந்த எல்லா வாட்சன் என்ற பெண்ணை, அந்நாட்டுக் கொடிக்கு முன்னால் துடைப்பத்தோடு நிறுத்தி எடுத்தார். புகழ்பெற்ற படம். அதோடு அவர் நிறுத்தவில்லை. வாட்சனின் வீடு, பேரப்பிள்ளைகள், தேவாலயம் என்று தொடர்ந்து போய் எடுத்தார். நம் பக்கத்தில் பழனிகுமார் இருக்கிறார். மதுரைக்காரர், மீன் விற்கும் தாயின் மகன். 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தவர். சாவு வீட்டுக்கு ஒருநாள் போய்வருகிறவரால் இப்படிப்பட்ட படங்களை எடுக்க முடியாது.

அடுத்த இதழின் நடுப்பக்கங்களை உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒரே ஒரு ஆளை ஒரு மாதம் எடுங்கள். அம்மாவிடமிருந்தே தொடங்கலாம். கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் போனைப் பையில் வையுங்கள். பிரிண்ட் போட்டு முதல் பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள். ‘ஆமா, இது நாந்தான்’ என்று அவர்கள் சொன்னால் எங்களுக்கு அனுப்புங்கள். நிறம் வெளுத்த படங்களை அச்சிட மாட்டோம்.