பழத்துக்குள் காரம்! வத்தலக்குண்டு விருந்துக்கு ஏற்ற முதல் தட்டு

வீட்டில் காதுகுத்து. வாசலில் பந்தல். உறவினர்கள் வந்து இறங்குகிறார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு தட்டு நீட்டப்படுகிறது. அதில் என்ன இருக்கிறது?

எண்ணெயில் பொரித்த கோபி மஞ்சூரியன்! பக்கத்து மேசையில் பழங்களை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். தர்ப்பூசணியில் பூ செதுக்கியிருக்கிறார்கள். கடல் கடந்து வந்த ஆப்பிள் பளபளவென்று இருக்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். சிலர் படம் பிடிக்கிறார்கள். தின்பவர்கள் குறைவு. பந்தி முடிந்ததும் பழம் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அதற்கான பணம் மட்டும் சமையல் காண்டிராக்டர் கணக்கில் ஏறிவிடுகிறது. மொய்ப் பணத்தில் அதையும்தான் கட்ட வேண்டும்.

இது வேறு எங்கே நடந்தாலும் பரவாயில்லை. வத்தலக்குண்டில் நடக்கலாமா?

மலையடிவாரத்து ஊர்

கொடைக்கானலுக்குப் போகும் மலைச்சாலைக்கு இந்த ஊர்தான் வாசல். பக்கத்தில் பட்டிவீரன்பட்டி. அதற்கு மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு. அங்கே காப்பியும் மிளகும் மலைவாழையும் ஒரே தோட்டத்தில் விளைகின்றன. கொடைக்கானல் மலையில் பேரிக்காயும் பிளம்ஸும் உண்டு. பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. அது கொய்யாவுக்குப் பேர் போனது. அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பு. இத்தனையும் ஒரே மாவட்டத்தில்!

இந்த ஊர்க்காரர் விருந்துக்கு எதையும் தேடி அலைய வேண்டாம். பழத்தை வெட்டி அடுக்குவதற்குப் பதிலாக, அதற்குள் கொஞ்சம் காரப் பூரணம் வைத்து, ஆளுக்கு ஒன்று கையில் கொடுத்தால் போதும். செலவு குறையும். பழம் வீணாகாது. மலையில் வாழை வைத்தவனுக்கும் ஒரு வியாபாரம் கிடைக்கும்.

“பழத்தில் காரமா? அது வெள்ளைக்காரன் பழக்கம் ஆயிற்றே!” என்று சிலர் முகம் சுளிக்கலாம்.

அவர்கள் சித்திரை முதல் நாளை மறந்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வீடு மாங்காய்ப் பச்சடி. அதில் வெல்லம் இருக்கிறது. மிளகாய் இருக்கிறது. உப்பும் வேப்பம்பூவும் இருக்கின்றன. பள்ளிக்கூட வாசலில் கொய்யாவைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுக்கிறார்களே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஒரு வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் இப்படித்தான் போகும்.

“என்னங்க அத்தை, வாழைப்பழத்துல போய் மிளகாயை வைக்கச் சொல்றீங்க?”

“ஏன்டியம்மா, அன்னாசிப்பழத்துக்கு மட்டும் மிளகாய்ப்பொடி கேக்குற. வாழைப்பழம் என்ன பாவம் பண்ணுச்சு?”

அத்தை சொல்வதுதான் சரி!

ரோமாபுரியில் மிளகு

இனிப்புக்குள் காரம் வைப்பது மிகப் பழைய பழக்கம். பண்டைய ரோமாபுரியில் அபிசியஸ் என்பவர் பெயரால் ஒரு சமையல் நூல் வழங்கியது. அதில் ஒரு பண்டம் சொல்லப்படுகிறது. பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட வேண்டும். உள்ளே பருப்பையோ, பொடித்த மிளகையோ அடைக்க வேண்டும். வெளியே உப்புத் தூவி, காய்ச்சிய தேனில் வறுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த மிளகு எங்கிருந்து போனது? மேற்குக் கடற்கரையில் இருந்த முசிறித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போனது. சேர நாட்டு மிளகை ரோமாபுரிக்காரன் பழத்தில் வைத்துத் தின்றான். தாண்டிக்குடி மிளகை வத்தலக்குண்டுக்காரர் வைக்கக்கூடாதா?

அவ்வளவு தூரம் போவானேன்? மலையைத் தாண்டினால் மலையாள நாடு. தலைச்சேரி, கோழிக்கோட்டு மாப்பிள்ளை முஸ்லிம் வீடுகளில் ‘பழம் நிறைச்சது’ என்று ஒரு பண்டம் உண்டு. பழுத்த நேந்திரம் பழத்தைக் கீறி, தேங்காயும் சர்க்கரையும் திணித்து, மாவில் தோய்த்துப் பொரித்து எடுப்பார்கள். ‘உன்னக்காய்’ என்று இன்னொன்று. அது இலவங்காய் வடிவத்தில் இருக்கும். நேந்திரத்தை வேகவைத்துப் பிசைந்து, நடுவில் பூரணம் வைத்துச் செய்வது. நோன்புக் காலத்திலும் மாப்பிள்ளை விருந்திலும் அவை இல்லாமல் இருக்காது. அந்த வீட்டார் கடலுக்கு அப்பால் விளைந்த ஆப்பிளைத் தேடவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பழத்தை விருந்துப் பண்டம் ஆக்கினார்கள். கெட்டிக்காரர்கள்!

மலைவாழை என்ன ஆயிற்று?

விருப்பாட்சி மலைவாழையும் சிறுமலை வாழையும் திண்டுக்கல் மாவட்டத்தின் சொத்து. இரண்டுக்கும் 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ஆம் ஆண்டில் கிடைத்தது. அந்தப் பஞ்சாமிர்தத்தின் உயிர் மலைவாழைதான். அதில் நீர்ச்சத்து குறைவு. அதனால் பிசைந்தாலும் நீர்த்துப் போகாது. பூரணம் வைப்பதற்கும் இதே குணம்தான் வேண்டும்.

ஆனால் இந்த வாழைக்கு ஒரு எமன் வந்தான். முடிக்கொத்து நோய்! வாழைப் பேன் என்னும் சிறு பூச்சி இதைப் பரப்புகிறது. நோய் கண்ட மரத்தின் இலைகள் குறுகி, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். குலை தள்ளாது. அந்த மரத்தின் கன்றை எடுத்து நட்டால் நோயும் கூடவே போகும். பழனி மலைத் தொடரில் தோட்டம் தோட்டமாக இந்த வாழை அழிந்தது. பிறகு, திசு வளர்ப்பு முறையில் நோயில்லாத கன்றுகளை உண்டாக்கி, மறுபடி நட்டார்கள்.

நட்டால் போதுமா? வாங்க ஆள் வேண்டாமா? கோயிலும் பஞ்சாமிர்தக் கடையும் வாங்குகின்றன. அடிவாரத்துக் குடும்பங்கள் தங்கள் வீட்டு விசேஷத்துக்கு வாங்குவதில்லை. பெரிய பழமாக, மஞ்சளாக, பார்வைக்கு நன்றாக இருப்பதைக் கேட்கிறார்கள். மலைப்பழம் சிறியது. தோலில் புள்ளி விழும். மணத்திலும் ருசியிலும் அதை மிஞ்சும் பழம் சந்தையில் இல்லை. பார்வைக்குப் பணம் கொடுத்து, ருசியைக் கோட்டை விடுகிறார்கள்!

செய்வது எப்படி?

பத்து மலைப்பழத்துக்கு அரை மூடித் தேங்காய் போதும். துருவி, சிவக்க வறுக்க வேண்டும். இரண்டு மூன்று காய்ந்த மிளகாயையும் ஒரு கைப்பிடி பொரிகடலையையும் வறுத்து, உப்புச் சேர்த்து, தண்ணீர் விடாமல் பொடிக்க வேண்டும். இதில் வெல்லம் வேண்டாம். பழமே இனிப்பு.

பழத்தை உரிக்கக்கூடாது. தோலோடு நீளவாட்டில் ஒரு கீறல். இரண்டு முனையும் அப்படியே இருக்க வேண்டும். கீறலை விரித்து, உள்ளே இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஒரு கரண்டிப் பொடியைத் திணித்து மூடிவிட வேண்டும். தோலே தட்டு! காகிதத் தட்டும் வேண்டாம், பல் குத்தும் குச்சியும் வேண்டாம். விருந்தாளி தோலை விலக்கிக்கொண்டே தின்பார். தோல் மாட்டுக்குப் போகும்.

ஆயக்குடிக் கொய்யா கிடைத்தால் கனிந்தும் கெட்டியாகவும் இருப்பதைப் பார்த்து எடுக்கலாம். குறுக்கே வெட்டி, விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்துவிட்டு, அந்தக் குழியில் வறுத்த நிலக்கடலையும் கொஞ்சம் வெல்லமும் மிளகாய்ப்பொடியும் உப்பும் நறுக்கிய கொத்தமல்லியும் கலந்து வைப்பது. பேரிக்காய் வரும் காலத்தில் அதற்கும் இதே பூரணம்தான்.

ரோமாபுரிப் பேரீச்சம்பழத்தையும் விட வேண்டாம். நெய்யில் வறுத்த முந்திரி, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு, ஒரு சிட்டிகை உப்பு. தேனில் வறுக்காவிட்டால் குற்றமில்லை.

“இத்தனை வேலையை யார் செய்வது?” என்பார்கள் பெண்கள். நியாயமான கேள்வி. விசேஷ வீட்டில் அவர்கள்தான் விடியுமுன் எழுந்து, கடைசிப் பந்தியில் ஆறிய சோறு தின்கிறார்கள். இந்த வேலைக்கு அடுப்படி வேண்டியதில்லை. பந்தலில் உட்கார்ந்து சீட்டாடும் ஆண்கள் அரை மணி நேரம் கொய்யா வழித்தால் குடி முழுகிப் போகாது!

சில எச்சரிக்கைகளும் உண்டு. வெட்டிய பழத்தை வெயிலில் வைத்திருக்கக்கூடாது. வத்தலக்குண்டு வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு வாழையும் பேரீச்சையும் ஆகாது என்றால், வெல்லம் சேர்க்காத பூரணத்தோடு அரைக் கொய்யா கொடுக்கலாம். சின்னக் குழந்தைகளுக்கு முழுப் பருப்புத் தொண்டையில் சிக்கும். அவர்கள் பங்குக்கு நன்றாகப் பொடித்து வைப்பது நல்லது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஊருக்கு ‘வெற்றிலைக்குன்று’ என்பதே பழைய பெயர் என்று சொல்வதுண்டு. விருந்தின் முடிவுக்கு இங்கே வெற்றிலை தயாராக இருக்கிறது. முதல் தட்டுக்குத் தேங்காய்ப் பொடியை முதல் நாளே இடித்து டப்பாவில் அடைத்துவிடலாம். பேரீச்சையை இரவே நிறைத்து வைக்கலாம். மலைப்பழத்தை மட்டும் விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது கீறினால் போதும்.