கிழிந்த சிறகைத் தைக்கும் உரிமை

வண்ணத்துப்பூச்சியை மிக அண்மையிலிருந்து படம்பிடித்தல் இன்று பல்லாயிரவரின் பொழுதுபோக்காகிவிட்டது. கண்காட்சிகளிலும் நாட்காட்டிகளிலும் இடம்பெறும் இத்தகைய படங்களுட் பலவற்றுக்கு ஒரு பொதுப்பண்பு உண்டு. சிறகில் ஒரு கீறலேனும் இராது. பின்புலம் ஒரே சீரான பச்சையாயிருக்கும். உணர்கொம்பின் நுனி முதற் சிறகின் கடையோரம் வரை யாவும் துலக்கமாயிருக்கும். இவ்வழகு எங்ஙனம் பெறப்பட்டதென வினவினால், "அது கலைஞனின் சுதந்திரம்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அவ்விடை ஏற்கத்தக்கதன்று.

இக்கலையின் இடர்ப்பாட்டை முதலில் ஒப்புக்கொள்ளுதல் நியாயமாகும். 35 மில்லிமீற்றர் கமராவிற் பூச்சி தன் உண்மைப் பருமனிலேயே பதியும்போது, வில்லையின் துவாரம் எஃப் 8 அளவில் இருப்பின், தெளிவாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் மட்டுமே. துவாரத்தை மிக ஒடுக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளியின் கோணலாற் படம் முழுவதும் மங்கும். ஆகவே நேர்மையான படப்பிடிப்பாளன் கமராவைச் சிறகின் தளத்துக்குச் சமாந்தரமாக அமைக்கிறான். அன்றேல் கண்ணிற் குவியத்தை நிறுத்திவிட்டு, ஏனைய பகுதி மங்கினும் மங்கட்டும் என விடுகிறான். பறப்புத் தசைகள் சூடேறும்வரை பூச்சி வெயில்காயும் காலைப்பொழுதின் அச்சில நிமிடங்களுக்காகப் பனிப்புல்லில் முழங்காலிட்டுக் காத்திருக்கிறான். இக்கட்டுப்பாடுகளுக்குள் அவன் செய்யும் தெரிவே படத்தின் அமைப்பு எனப்படுவது.

குறுக்குவழியும் உண்டு. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றாக இணைத்தால் யாவும் துலங்கும். இம்முறை தன்னளவிற் குற்றமுடையதன்று. உறங்கும் பூச்சியிடத்து அது நன்கு பலிக்கும். பூச்சி அசையாதிருக்க வேண்டும் என்பதே சிக்கல். அதன்பொருட்டுப் பூச்சியைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து விறைக்கச்செய்து மலரில் இருத்துவோர் உளர். இறந்த பூச்சியையே இருத்துவோரும் உளர். இவர்களைப் பல வேளைகளிற் சிறகே காட்டிக்கொடுத்துவிடும். ஊசியேற்றிப் பாடஞ்செய்த பூச்சியின் முன்சிறகு, அதன் பின்விளிம்பு உடலுக்குச் செங்கோணமாக நிற்குமாறு விரிக்கப்பட்டிருக்கும். உயிருள்ள பூச்சி சிறகு விரித்து அமர்கையில் முன்சிறகு சரிந்து பின்சிறகின் ஒரு பகுதியை மறைத்திருப்பதே பெருவழக்கு. பிணத்தின் நிலையை அழகின் இலக்கணமாக நாட்காட்டிகள் பரப்பிவிட்டன.

இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை நடத்தும் போட்டியில் 2017இற் பரிசுபெற்ற எறும்புண்ணிப் படமொன்று, பாடஞ்செய்த விலங்கைக் காட்டுகிறது என நடுவர்கள் முடிவுசெய்தமையால் 2018இல் நீக்கப்பட்டது. எடுத்தவர் அதனை மறுத்தார். எறும்புண்ணிக்கு இவ்வளவு விசாரணை. வண்ணத்துப்பூச்சிக்காக எவரும் விசாரணைக்குழு அமைப்பதில்லை.

எனினும் பெருங்கேடு விளைவது படம்பிடித்த பின்னரே. பின்சிறகுகள் இரண்டும் ஒரே இடத்திற் சமச்சீராகக் கிழிந்திருப்பின், சிறகு மூடியிருந்த வேளையிற் பறவையின் அலகிற்பட்டு அப்பூச்சி தப்பியது என ஊகிக்கலாம். சில இனங்களின் பின்சிறகோரத்திலுள்ள கண்போன்ற புள்ளியும் மெல்லிய வாலும் அலகைத் தலையிலிருந்து திசைதிருப்புவன. படத்தைச் செப்பனிடுவோன் அக்கிழிசலைக் குறையெனக் கண்டு, நிறைவான இன்னொரு சிறகின் துண்டைப் பெயர்த்து ஒட்டி மறைக்கிறான். உயிர் பிழைத்த வரலாறு அங்கு துடைக்கப்படுகிறது.

நிறத்தின் கதையும் இத்தகையதே. இலங்கையிற் காணப்படும் கொமன் மோர்மன் பெண்பூச்சிகளுட் சில, பறவைகள் உண்ண விரும்பாத கிறிம்சன் றோஸ் பூச்சியைப் போலத் தோன்றித் தப்புகின்றன. இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளம் உடலின் நிறம்: கிறிம்சன் றோஸின் உடல் சிவப்பு, மோர்மனின் உடல் கறுப்பு. கவர்ச்சிக்காக நிழலை ஆழப்படுத்தி உடலை இருளில் அமிழ்த்திய படத்தில் எது எதுவென எவர் கூறுவார்?

படச்சுருட் காலத்திலும் நிறம் மிகைப்பட்டதே, 1990இல் வந்த பூஜி நிறுவனத்தின் வெல்வியா அதற்குப் பெயர்பெற்றதன்றோ எனச் சிலர் வாதிடுவர். உண்மை. ஆயின் படச்சுருள் இலையையும் பூச்சியையும் வானையும் ஒருங்கே மிகைப்படுத்தியது. இந்தக் கிழிசல் வேண்டாம், அந்தத் தண்டு வேண்டாம் எனத் தெரிவுசெய்யவில்லை. ஒளியளவைத் திருத்துதல், வெண்மையைச் சீராக்குதல், ஓரங்களை வெட்டுதல் ஆகியவற்றை எவரும் மறுக்கவில்லை. இல்லாத சிறகை வரைவதே மறுக்கப்படுகிறது.

வரைதற்கும் இந்நாட்டில் மரபொன்று உண்டு. 1880 முதல் 1887 வரை மூர் வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி நூலின் படங்களுக்கு மூலமானவை, பேராதனைப் பூந்தோட்டத்தின் ஓவியர்களான டி அல்விஸ் குடும்பத்தார் தீட்டியவை. அவர்கள் அழகிய பூச்சியோடு நில்லாது அதன் குடம்பியையும் கூட்டுப்புழுவையும் வரைந்தனர். இன்றைய நாட்காட்டியிற் குடம்பிக்கு இடமில்லை, விலைபோகாது என்பர். சந்தை விரும்பும் வடிவுக்கு இயற்கையைத் திருத்திவிட்டு அதனைச் சுதந்திரம் என அழைப்பதன் பொருள் இதுவே.

படப்பிடிப்பாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கிழிந்த சிறகுக்குப் புள்ளி குறைக்கும் நடுவர்களும் பொறுப்பாளிகளே. மூலப்படத்தை ஒப்படைக்க வேண்டும் என்னும் விதி பெரும் போட்டிகளில் உண்டு. சிறு கண்காட்சிகளும் அதனை ஏற்க வேண்டும். படத்தின் கீழே இடம், நாள், பூச்சி உயிருடன் இருந்ததா, எத்தனை படங்கள் இணைக்கப்பட்டன என்பன எழுதப்பட வேண்டும். எழுத மறுப்பவர் தமது ஆக்கத்தை ஓவியப் பிரிவில் வைக்கலாம். அங்கு அவரை எவரும் தடுக்கப்போவதில்லை.