மூலிகையும் குடல் நோயாளரும்

சுதேச வைத்தியம் என்று பேச்செடுத்தால் நம்மவருள் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. மேனாட்டு மருந்தைத் தவிர மற்றவை யாவும் மூடநம்பிக்கை என்பது ஒரு கட்சி. நம் முன்னோர் அறியாத நோயுமில்லை, நம் காட்டில் விளையாத மருந்துமில்லை என்பது மற்றொரு கட்சி. இவ்விரு சாராரின் வாதத்துக்கு நடுவே அகப்பட்டு அவதியுறுகின்றவர்களில், குடலில் ரணசிகிச்சை செய்துகொண்டு வயிற்றில் வாய் வைத்து வாழும் நோயாளரும் உளர். கள்ளக்குறிச்சி ஜில்லாவையும் அதன் மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையையும் முன்னிட்டு, அவர்களுடைய நிலையைக் குறித்து இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

டைபாய்டு ஜுரத்தால் சிறுகுடல் துளைபட்டவர், குடலில் க்ஷயம் கண்டவர், பெருங்குடலில் ஆறாத புண்ணோ புற்றோ உண்டானவர் ஆகியோரின் உயிரைக் காக்கும் பொருட்டு, டாக்டர்கள் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றில் துளையிட்டு வெளியே கொணர்ந்து தைத்துவிடுவதுண்டு. இதற்கு இலியாஸ்டமி என்று பெயர். மலம் அவ்வழியே வெளிப்பட்டு உடலில் ஒட்டிய பையொன்றில் சேரும். சிலருக்கு இது சில மாதங்களுக்கே, பின்னர் மூடிவிடலாம். வேறு சிலருக்கோ ஆயுள் உள்ளவரையில்.

பெருங்குடலின் தலையாய வேலை, சிறுகுடலிலிருந்து வரும் நீரையும் உப்பையும் உடலுக்குள் மீட்டுச் சேர்ப்பதாகும். நாள்தோறும் 1 லிட்டருக்கு மேற்பட்ட நீரை அது இவ்வாறு மீட்கிறது. இலியாஸ்டமி உள்ளவருக்கு இந்தக் காவல் இல்லை. சாதாரணமாக நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லி லிட்டர் வரையில் பையில் சேரும். அது 1.5 லிட்டரைத் தாண்டினால் ஆபத்து நெருங்கிவிட்டதென்று கொள்ள வேண்டும். நா வறளும், சிறுநீர் குறையும், கால் சதை இழுக்கும், கவனியாது விட்டால் சிறுநீரகமும் பழுதாகும்.

இந்நிலையில் உள்ளவருக்கு நம் நாட்டு மூலிகைகள் எவ்வாறு உதவும்? கல்வராயன் மலையின் கடுக்காய் பேர்பெற்றது. அதைப் பொறுக்கி விற்பது மலையாளி மக்களின் ஜீவனங்களில் ஒன்று. கடுக்காய்ப்பொடியை இரவில் உட்கொள்வது தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பழக்கம். மலத்தை இளக்குவதற்காகவே அதை நம்மவர் பெரிதும் கையாளுகின்றனர். பெருங்குடல் உள்ளவருக்கு நன்மை பயக்கும் அதே பொடி, இல்லாதவருக்குத் தீங்காய் முடியக்கூடும். கடுக்காய் சேரும் திரிபலாவும், நிலாவரையும், ஆமணக்கெண்ணெயும் இத்தகையனவே. குடலைச் சுத்தி செய்ய ஆண்டுக்கு இருமுறை பேதிக்குச் சாப்பிட வேண்டுமென்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்லும் யோசனை, இவரிடத்தில் விஷமாகிவிடும்.

உள்ளுக்குக் கொடுப்பதில் மட்டுமன்று, மேலுக்குப் பூசுவதிலும் கேடுண்டு. குடல்வாயைச் சுற்றித் தோல் வெந்திருப்பதைக் கண்டு மஞ்சள் விழுதையோ மூலிகை எண்ணெயையோ தடவினால், பை ஒட்டாது. மலநீர் கசிந்து தோலை மேலும் அரிக்கும். நார் மிகுந்த வேர்களையும் கரடான சூரணங்களையும் அப்படியே விழுங்கினால் குடல்வாய் அடைபடவும் கூடும்.

இதற்காக நம் சித்தர்களைக் குறைகூறுவது அறியாமை. குடல்வாயை வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் இன்றைய முறையைப் பிரிட்டிஷ் ரணவைத்தியர் பிரையன் புரூக் வெளியிட்டது 1952-ஆம் ஆண்டில்தான். பெருங்குடலின் உதவியின்றி ஒருவர் பல்லாண்டு வாழ்வது என்ற நிலைமையே பழைய ஏட்டை எழுதினோர் காணாதது. காணாத ஒன்றுக்கு அவர்கள் மருந்து எழுதிவைத்திருப்பதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் சித்த வைத்தியத்தின் அன்பர்கள் அல்லர். அதற்கு அவப்பெயர் தேடித் தருபவர்கள்.

ஆயினும் நம் நாட்டுப் பொருள்களால் இந்நோயாளருக்கு உதவியே இல்லை என்பதும் பொய். வெறும் தண்ணீரை மிகுதியாகக் குடித்தால் தாகம் தீருமென்று இவர்கள் நினைக்கின்றனர். உண்மையில் அது உடலின் உப்பை இன்னும் அடித்துக்கொண்டு போய்விடும். உப்பும் சர்க்கரையும் கூடினால்தான் சிறுகுடல் நீரை உறிஞ்சும். 1971-ஆம் ஆண்டில் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உண்மையைக் கொண்டே எண்ணற்ற உயிர்களைக் காத்தார். இலியாஸ்டமி உள்ளவருக்கு உப்பு இன்னும் சற்று அதிகம் வேண்டும். 1 லிட்டர் நீரில் 20 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு சேர்த்துச் சிறிது சிறிதாகப் பருகுவது லண்டன் செயின்ட் மார்க்ஸ் வைத்தியசாலையின் முறை. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் டாக்டரைக் கேட்டே இதைக் கொள்ள வேண்டும். உப்பிட்ட அரிசிக் கஞ்சி, மோர், வாழைப்பழம், கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கு ஆகியவை ஏழை வீட்டிலும் கிடைக்கும் உதவிகள். குஜராத்தில் விளையும் இசப்கோல் மலத்தைக் கெட்டிப்படுத்தும். ஆனால் உப்பின் நஷ்டத்தை அது தடுக்காது. குடலின் வேகத்தைத் தணிக்க டாக்டர்கள் தரும் கோடீன் அபினியிலிருந்து எடுப்பது. அதுவும் ஒரு செடியின் பால்தானே! மூலிகை ஒரு புறம், விஞ்ஞானம் ஒரு புறம் என்று கோடு கிழிப்பது வீண் வேலை.

வேண்டுவது பரீட்சை. சுதேச வைத்தியத்தை ஆராய 1921-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் அமைந்த உஸ்மான் கமிட்டியின் காலம் முதல் இதைப் பேசி வருகிறோம். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் சர்ப்பகந்தி வேரை நோயாளரிடம் முறையாகச் சோதித்து, இரத்த அழுத்தத்தை அது தணிப்பதை 1949-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சஞ்சிகையில் வெளியிட்டார். உலகம் அதை ஏற்றது. அதே வழியில், 2005-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் நிறுவப்பெற்ற தேசீய சித்த வைத்திய ஸ்தாபனத்தாரும் ரணவைத்தியர்களும் ஒன்றுகூடி, எந்த மூலிகை இந்நோயாளருக்கு ஆகும், எது ஆகாது, எது எந்த மருந்தோடு பகைக்கும் என்று அளந்து சொல்ல வேண்டாமா?

கல்வராயன் மலைவாசிகளின் சரித்திரத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1947-இல் தேசம் விடுதலை பெற்றும், 1976 வரையில் இம்மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கமே நிலவியது. கள்ளக்குறிச்சி 2019-இல் தனி ஜில்லாவாயிற்று. 2022-இல் அங்கே சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் 2024 ஜூன் மாதம் விஷச் சாராயத்துக்கு 60-க்கு மேற்பட்டோர் பலியான பின்னரே நாட்டார் பலரும் அந்த ஜில்லாவைத் திரும்பிப் பார்த்தனர். கூட்டமாய்ச் சாவோருக்காகக் கண்ணீர் விடும் நாம், தனித்தனியே வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடப்போரையும் நினைக்க வேண்டும். பை வாங்கப் பணமின்றி பாலிதீன் உறையையும் துணியையும் கட்டிக்கொண்டு, நாற்றத்துக்கு அஞ்சிப் பஸ் ஏறவும் நாணி வாழ்வது மனித வாழ்வா?

சர்க்காரை நாம் கேட்பது அதிகமன்று. குடல்வாயோடு வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும், ஆகும் உணவு, ஆகாத மூலிகை, அபாயக் குறி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்டட்டும். சர்க்கார் வைத்தியசாலைகளில் உள்ள சித்த வைத்தியரும் இதில் பங்கு கொள்ளட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்கு டயாலிஸிஸ் பைகள் வீடு தேடிச் சென்றனவே; அவ்வாறே குடல்வாய்ப் பைகளும் மலையேறிச் செல்லட்டும். 2016-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் இவர்களுக்கு இடமில்லை. அக்குறையை மத்திய சர்க்கார் நீக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டைபாய்டைத் தடுக்கும் சுத்தமான குடிநீர் மலைக்கிராமங்களுக்குக் கிடைக்கட்டும்.

ஊர்தோறும் பொதுக்காரியம் செய்யும் இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இத்தகைய நோயாளர் தம் ஊரில் இருந்தால் வீடு தேடிச் சென்று, இதில் வெட்கத்துக்கு இடமில்லை என்று தேற்றுங்கள். ஆசுபத்திரி மருந்தை நிறுத்திவிட்டுப் பச்சிலையை மட்டும் நம்பச் சொல்லுவோரிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுங்கள். நம் வைத்தியத்தின் பெருமை, எந்த நோய்க்கும் மருந்துண்டு என்று மார்தட்டுவதில் இல்லை. இவருக்கு இது ஆகாது என்று உரிய வேளையில் சொல்லும் நேர்மையிலேயே அது நிலைக்கும்.