பட்டாவும் வேண்டும், டவுனுக்குள் வாடகை வீடும் வேண்டும்

"வாடகை வீட்டுக்கெல்லாம் ஒரு போராட்டமா? இலவசப் பட்டா கேளுங்கள்" என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். பட்டா நம் உரிமை, அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். ஆனால் அதை எங்கே தருகிறார்கள்? பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பேருந்து எட்டிப் பார்க்காத இடத்தில். சேரியைக் 'காலனி' என்றார்கள், இப்போது 'நகர்' என்கிறார்கள். தூரம் மட்டும் குறையவில்லை.

சின்ன டவுனில் ஒரு லைன் வீட்டைப் பாருங்கள். ஒற்றை அறை, ஓட்டுக் கூரை, பொதுக் கழிவறை. ஆனாலும் ஐ.டி.ஐ. படிக்க வந்த பையனுக்கும், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கும், விடியுமுன் வேலைக்கு வரவேண்டிய தூய்மைப் பணியாளருக்கும், சாதி மறுத்து மணந்த இணையருக்கும் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே கிடைக்கும் முதல் கூரை அதுதான். அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவதற்குப் பெயர் 'வளர்ச்சி'. மற்றவர்கள் அடுத்த தெருவில் வீடு தேடலாம். நாம் தேடிப் போனால், "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வி முதலில் வரும். பதில் சொன்னதும், "வீடு எங்களுக்கே தேவைப்படுது" என்பார்கள்.

1917இல் பரோடாவில் கொலம்பியாவில் படித்துவந்த அண்ணல் அம்பேத்கருக்கே வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். தடியோடு வந்தவர்கள் அங்கிருந்தும் விரட்டினார்கள். இன்று தடி தேவைப்படவில்லை. பல்லைக் காட்டியபடியே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரால் எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. வீட்டுக்காரர் சாதியை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆகவே காவல் நிலையத்தில் வழக்கும் பதிவாவதில்லை. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' நிர்ணயிக்கக் கேட்க ஒரு வழியாவது இருந்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இரு தரப்பு ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. கதவுக்கு வெளியே நிற்பவருக்கும் சாவி வைத்திருப்பவருக்கும் நடுவில் என்ன ஒப்பந்தம்?

நாம் கேட்பது இதுதான். லைன் வீடுகளை இடிக்க அனுமதி தருமுன், அங்கே குடியிருப்போருக்கு அதே டவுனில், அவர்களால் கொடுக்க முடிந்த வாடகையில் மாற்று வீடு உறுதிசெய்யப்பட வேண்டும். பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் பேரூராட்சியே வாடகைக் குடியிருப்பு கட்ட வேண்டும். அதில் தூய்மைப் பணியாளர்களுக்கு முதலிடம் வேண்டும்.

தோழர்களே, மனு எழுதுமுன் கணக்கெடுப்போம். உங்கள் டவுனில் எத்தனை லைன் வீடுகள் மிஞ்சியிருக்கின்றன, வாடகை எவ்வளவு, யாரிடம் எந்தக் கேள்வி கேட்டு வீடு மறுத்தார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். "அப்படியெல்லாம் இப்போ யாருங்க பார்க்கிறாங்க?" என்பவர்களின் மேசையில் அந்த நோட்டை வைப்போம்.